பின் வலது ஸ்பீக்கர்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

இரண்டு வருஷமாகப் பேசாதவன் திடீரென்று கூரியரில் பென் டிரைவ் அனுப்பியிருக்கிறானே, என்ன சங்கதி என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ஒரு வேலை. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ரயில்வே அருங்காட்சியகம் ஒன்றுக்காக நானும் என் பார்ட்னரும் ஒலிப்பதிவு செய்திருக்கிறோம். இருட்டறையில் நாற்பது பேர் உட்காருவார்கள். படம் கிடையாது, சத்தம் மட்டும்தான். பழைய ஸ்டேஷன் ஒன்றின் காலை வேளை, பன்னிரண்டு நிமிஷம். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, அடிச்சத்தத்துக்கு ஒரு பெரிய பெட்டி. ஆறிலும் ஆறு விதமான சத்தம் வரும். அத்தான் ஹாலில் அதே மாதிரி ஒரு செட் வைத்திருக்கிறாரே, அதில் போட்டுக் கேள். எந்த நிமிஷத்தில் எந்தப் பக்கம் என்ன கேட்டது என்று எழுது. கெட்டதாக ஏதாவது கேட்டால் அதையும் எழுது. ஸ்டுடியோவில் எல்லாம் நன்றாகத்தான் கேட்கும், வீட்டில் போட்டால்தான் வண்டவாளம் தெரியும்.

மார்ச் ஒன்றாம் தேதி ஒப்படைக்க வேண்டும். போன் பண்ண வேண்டாம், மெயில் எழுது. எழுத்தில் இருந்தால் எனக்கு வசதி.

அம்மா எப்படி இருக்கிறாள்?

தம்பி

பிப்ரவரி 7

தம்பிக்கு,

கோபித்துக்கொள்ள மாட்டாயாம்! யாரை யார் கோபித்துக்கொள்வது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகக் காத்திருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் உன் பின்னாலேயே வந்து மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நர்ஸ் திரும்பினாள். பெஞ்சில் இருந்த, முன்பின் தெரியாத கிழவர்கூடத் திரும்பினார். நீ மட்டும் நேரே போய் லிப்டில் ஏறினாய். இருதய ஆபரேஷன், அதில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. அதன் கீழே நான் ஒருத்தியாகக் கையெழுத்துப் போட்டேன். பிறகு "எங்கடா போன?" என்று கேட்டதற்கு "டீ குடிக்கப் போனேன்" என்றாய். என் வீட்டுப் படியேறாதே என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

அம்மா நன்றாக இருக்கிறாள். "அவன் கேட்டதைச் செஞ்சு குடுத்தா நீ என்ன தேஞ்சா போயிடுவ?" என்று உறை வந்ததிலிருந்து என் காதைக் குடைந்துவிட்டாள். அதனால்தான் செய்தேன், வேறு எதற்கும் இல்லை.

உன் அத்தான் அந்த செட்டின் ரிசீவரை, எல்லா ஸ்பீக்கரும் சேருகிற பெட்டியை, யாரையும் தொட விடமாட்டார், உனக்கே தெரியும். ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார். கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். லேப்டாப்பில் ஹெட்போன் செருகும் ஓட்டையிலிருந்து ஒரு ஒயரைக் கொண்டுபோய் ரிசீவரின் முதுகில் சொருகினேன். முதலில் முன்னால் இரண்டு பெட்டி மட்டும்தான் பாடியது. ரிமோட்டில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியதும் எல்லாமே ஜோராகப் பாட ஆரம்பித்துவிட்டன. நாலா பக்கமும் ரயில். குறையொன்றும் இல்லை. வேலை முடிந்தது, பென் டிரைவை அனுப்பட்டுமா?

அக்கா

பிப்ரவரி 8

அக்கா,

நாலா பக்கமும் ரயில் வந்தால் தப்பு. ரயில் பின்னால் வலது பக்கத்திலிருந்து வந்து முன்னால் இடது பக்கமாகப் போக வேண்டும்.

அந்த ஒயரில் இரண்டு சத்தம்தான் போகும். நீ அழுத்திய பொத்தான் அந்த இரண்டையே எல்லாப் பெட்டிக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டது. ஒரே குழம்பை ஆறு கிண்ணத்தில் ஊற்றிவிட்டு ஆறு குழம்பு என்கிறாய். அத்தானிடம் ஒளிக் கேபிளும் இருக்கும், அதுவும் வேண்டாம். இந்த மாதிரி சுருக்காத பைலுக்கு அதிலும் இரண்டுதான் போகும். டிவிக்குப் போடுகிற எச்டிஎம்ஐ கேபிளை லேப்டாப்பிலிருந்து ரிசீவருக்குப் போடு. பிறகு கம்ப்யூட்டரின் சவுண்டு செட்டிங்கில் போய், சத்தம் ரிசீவருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, ஸ்பீக்கர் அமைப்பு 5.1 என்று மாற்று. அது தானாக மாறாது, ஸ்டீரியோ என்றே கிடக்கும். எல்லோரும் சறுக்குகிற இடம் அதுதான். பாட்டுப் போடும் மென்பொருளிலும் ஸ்டீரியோ என்று இருந்தால் எடுத்துவிடு. அந்தப் பங்கு போடும் பொத்தானையும் அணை.

படியேறாதே என்று சொன்னதை ஞாபகப்படுத்த வேண்டாம். ஞாபகம் இருக்கிறது.

தம்பி

பிப்ரவரி 12

தம்பிக்கு,

கேபிளைச் செருகினேன். லேப்டாப் திரை காணாமல் போய்விட்டது! டிவியில் போய் உட்கார்ந்துகொண்டது. மவுஸ் அம்பு ஒரு திரையில், நான் பார்ப்பது இன்னொரு திரையில். "நல்லா இருந்த செட்டைக் கெடுத்துட்டியா?" என்று உன் அத்தான் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றார். நான் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக மெஷினோடு மல்லுக்கட்டுகிறவள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை எழுதி வைப்பது. அப்படியே செய்தேன். மூன்றாம் நாள்தான் ரிசீவரின் முகப்பில் ஸ்டீரியோ என்ற எழுத்து போய் மல்டி சேனல் என்று வந்தது.

அதன் பிறகு கேட்டேன்.

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்கிறேன், அருமை. யாரோ என் முதுகுக்குப் பின்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள், நான் காலை மடக்கிக்கொண்டேன். அறிவிக்கும் பெண் நேர் முன்னால் நின்று பேசினாள். நாலாவது நிமிஷம் தண்டவாளம் முனகியது. ரயில் பின் வலது பக்கத்திலிருந்து வந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டிப் போனது. சோபா அதிர்ந்தது. இதைச் செய்தவன் என் தம்பி என்று ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

இரண்டாம் நிமிஷத்திலிருந்து ஒரு கொசு. பின்னால், வலது பக்கத்தில். மெலிசாக, விடாமல், கீ என்று ஒரே சுருதி. மகளுக்கு இன்னும் அதிகமாகக் கேட்டது. "அம்மா, நிறுத்தும்மா, பல்லு கூசுது" என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். உன் அத்தான் கொசு பேட்டை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் தேடினார், "ஒண்ணும் கேக்கலையே, ரெண்டு பேரும் என்னைக் கேலி பண்றீங்களா?" என்றார். பைலை நிறுத்தினேன், கொசுவும் நின்றது. போட்டேன், வந்தது. ஆறாம் நிமிஷம் வரைக்கும் இருக்கிறது.

அக்கா

பிப்ரவரி 13

அக்கா,

அது பைலில் இல்லை. நூறு தடவை கேட்டிருக்கிறேன். பின் வலது ஸ்பீக்கரில் கோளாறு இருக்கும், இல்லாவிட்டால் ரிசீவரில். அத்தானுக்கே கேட்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். பழைய செட் அது, தூக்கிப் போடச் சொல்.

சோதனைக்காக இன்னொரு பைல் அனுப்புகிறேன். ஒவ்வொரு ஸ்பீக்கரின் பெயரையும் நானே சொல்லியிருக்கிறேன். அதைப் போட்டுப் பார். மற்றபடி எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுது, போதும்.

தம்பி

பிப்ரவரி 16

தம்பிக்கு,

ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம். செட்டைப் பழிக்கிறாய். கேட்டுக்கொள்.

ரிசீவரின் முதுகில் பின் வலது ஒயரையும் பின் இடது ஒயரையும் இடம் மாற்றிச் சொருகினேன். கீச்சு இடது பெட்டிக்குப் போனது. ஆக, பெட்டியில் குற்றம் இல்லை. பழையபடி சொருகிவிட்டு நீ அனுப்பிய சோதனைப் பைலைப் போட்டேன். அதில் கீச்சே இல்லை, எல்லா மூலையும் சுத்தம். ஆக, ரிசீவரிலும் குற்றம் இல்லை. மிச்சம் இருப்பது உன் பைல். இது என் தீர்ப்பு, கையெழுத்துப் போட்டுத் தரத் தயார்.

இன்னொன்று. அந்தச் சோதனைப் பைல் ஓடும்போது அம்மா உள்ளே படுத்திருந்தாள். "முன் இடது... நடு... முன் வலது... பின் வலது..." என்று உன் குரல் ஹாலைச் சுற்றி வந்தது. அம்மா செருப்புக்கூடப் போடாமல் எழுந்து வந்து, "வந்துட்டானா? எங்க அவன்?" என்று சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். இல்லை என்று சொன்னதும் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தரம் போடு" என்றாள். ஐந்து தரம் போட்டேன். எனக்கும் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. இரண்டு வருஷம் கழித்துத் தம்பியின் குரலைக் கேட்கிறேன், அதுவும் என்னைப் பார்த்துப் பேசாமல் ஸ்பீக்கரின் பெயரைச் சொல்கிறது.

அந்தக் கீச்சை எடு. எத்தனை தரம்தான் சொல்வது? உன்னிடம் சொல்வதெல்லாம் செவிடன் காதில் ஊதின சங்குதான், அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

அக்கா

பிப்ரவரி 19

அக்கா,

நீ சொன்னது சரி. அலைவரிசைப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். உச்சியில், பின் வலதில், மெல்லிய கோடு ஒன்று நாலு நிமிஷத்துக்கு நேராக ஓடுகிறது. காத்திருப்பு அறையில் பதிவு செய்தபோது சுவரில் செருகியிருந்த யாருடைய சார்ஜரோ. கோட்டை அழித்துவிட்டேன். புதுப் பைலின் இணைப்பைக் கீழே கொடுத்திருக்கிறேன், ஒரு தடவை கேட்டுச் சொல்.

அந்தப் பழமொழியை இனிமேல் எனக்கு எழுதாதே.

தம்பி

பிப்ரவரி 20

தம்பி,

திரையில் பார்த்தேன் என்கிறாய். கேட்டேன் என்று எங்கேயும் எழுதவில்லை. உன் மெயிலை நாலு தரம் படித்துவிட்டேன்.

அத்தானுக்கு ஐம்பத்தேழு வயது, அவருக்குக் கேட்கவில்லை, சரி. எனக்கு நாற்பத்தாறு, எனக்கே கேட்கிறது. உனக்கு நாற்பத்தொன்று. சின்ன வயதில் பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அது என்ன சுருதி என்று சொல்வாய். போன் வேண்டாம், மெயில் எழுது என்றாயே, அது ஏன்?

ஆஸ்பத்திரி நடையில் நான் உன் வலது பக்கமாகத்தான் வந்தேன். இன்றைக்கு ஷிப்டில் ரத்த மாதிரிக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அது ஞாபகம் வந்து, அடுக்கியதை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

உனக்குக் கேட்கிறதா இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்.

அக்கா

பிப்ரவரி 23

அக்கா,

இல்லை.

மூன்று நாளாக இந்த ஒரு சொல்லைத்தான் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

வலது காது மூன்று வருஷமாகப் பாதி. இப்போது பாதிகூட இல்லை. இடது காதில் பேச்சு கேட்கும், ஆனால் மேல் சத்தங்கள் போய்விட்டன. பறவை, சாவிக்கொத்து, அலாரம் எதுவுமே இல்லை. போனை எந்தக் காதில் வைத்தாலும் முணுமுணுப்புதான். அன்றைக்கு நீ கூப்பிட்டது எனக்குத் தெரியவே தெரியாது. நிஜமாகவே டீ குடிக்கத்தான் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நீ என் முகத்துக்கு நேராக நின்று கத்துகிறாய், பாதிதான் புரிந்தது. காது கேட்கவில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பிழைப்பு என்ன ஆவது? உன்னிடம் கெட்டவனாக இருப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

என் பார்ட்னர் பதிவு செய்யப் போவார், ஆட்களைப் பிடிப்பார். பதிவு செய்த சத்தங்களைச் சேர்த்துக் கலக்குவது முழுக்க என் காது. "உன் காதை நம்பித்தான்டா கடையைத் திறந்து வச்சிருக்கேன்" என்பார். போன வருஷம் அவருக்கே லேசாகச் சந்தேகம் வந்து பரிசோதனைக்கு அனுப்பினார். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். கண்ணாடியில், வெளியே மெஷினை இயக்கும் பெண்ணின் கை நிழலாகத் தெரிந்தது. அவள் குமிழைத் தொடும்போதெல்லாம் நான் அழுத்தினேன். சத்தத்தோடு இருபது வருஷம் வேலை செய்தவன், எவ்வளவு தாமதித்து அழுத்தினால் இயல்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? குறை எதுவும் இல்லை என்று காகிதம் கொடுத்தார்கள். பார்ட்னர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

இனி மாதம் ஒரு பைல் அனுப்புகிறேன், நீ கேட்டுச் சொல். நிமிஷம், பக்கம், என்ன சத்தம். நான் திரையில் பார்த்துத் திருத்திக்கொள்கிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். அத்தானுக்கும்கூட. செய்வாய்தானே?

தம்பி

பிப்ரவரி 24

தம்பி,

வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தேன். அழுதேன். இரண்டு வருஷம் உன்னைச் சபித்திருக்கிறேன். அம்மா உன் பேச்சை எடுத்தாலே அவள்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். அந்தப் பழமொழியை வேறு எழுதினேன், என் கையை உடைக்க வேண்டும். மன்னித்துவிடு.

இப்போது உன்னைத் திட்டப் போகிறேன். பரிசோதனையில் ஏமாற்றினாயா? யாரிடம் சொல்கிறாய் தெரியுமா? ரத்தத்துக்குப் பதில் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தவனை நான் கூடத்திலிருந்து துரத்தியிருக்கிறேன். அந்தக் காகிதம் யாரை ஏமாற்றியது? மூன்று வருஷத்துக்கு முன்பே ஒழுங்காகக் காட்டியிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்குமோ என்னவோ!

மாதம் ஒரு பைல் என்கிறாய். எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். மாதா மாதம் உன்னிடமிருந்து ஒரு கடிதம் வரும். ஆனால் என் கண்ணால் பார்க்காத ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், என் காதால் கேட்டதில் உன்னையும் போடவிட மாட்டேன்.

புதுப் பைலையும் கேட்டேன். பின் வலது சுத்தம். ஆனால் அறிவிக்கும் பெண்ணின் பேச்சில் ஒவ்வொரு 'ஸ'வும் ஊசியாகக் குத்துகிறது. முதல் தடவையே குத்தியது, அது உன் பாணி என்று நினைத்து எழுதாமல் விட்டேன். உனக்கு மங்கலாகக் கேட்கிறது என்று மேல் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாய், அப்படித்தானே? எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. உனக்கும் திரையில் தெரியாது. இருட்டில் நாற்பது பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

பார்ட்னரிடம் சொல். ஒன்றாம் தேதிக்கு முன்னால் சொல். மறுபடி பரிசோதனைக்குப் போ. நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொல்.

அக்கா

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

உனக்கென்ன, சொல்வது சுலபம். உன் கண் போய்விட்டது என்று நாளைக்குச் சொன்னால் உன் கூடத்தில் உன்னை வைத்துக்கொள்வார்களா? நாற்பத்தொரு வயதில் நான் என்ன, ரயிலுக்குக் கொடி காட்டப் போகட்டுமா? அதற்கும் காது வேண்டும்.

உன்னிடம் கேட்டதே என் தப்பு. இனி எழுதவில்லை.

பிப்ரவரி 28

தம்பி,

நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன். உனக்குப் பிழைப்புப் போகும் என்று பயம், எனக்குத் தெரிகிறது. எனக்கு வேறு பயம். ரோட்டில் பின்னால் லாரி வந்து ஹாரன் அடிப்பான். நீ டீ குடிக்கப் போய்க்கொண்டிருப்பாய்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் இன்றைக்கும் அந்தச் சோதனைப் பைலைப் போடச் சொன்னாள். படியேறாதே என்று சொன்னவள் நான்தான், நானே சொல்கிறேன், வா. வராவிட்டால் ஒரு வார்த்தையாவது எழுது.

அக்கா

மார்ச் 5

அக்கா,

ஒன்றாம் தேதி காலையில் பார்ட்னரிடம் சொன்னேன். எதிரெதிரே உட்கார்ந்து, அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த காகிதத்தைக் கழற்றி, சட்டத்தோடு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "நாலு வேலை வெளிய போயிருக்கு. அத்தனையிலும் என் பேரு இருக்கு" என்றார். அவ்வளவுதான் பேசினார். அருங்காட்சியகத்தில் பத்து நாள் தவணை கேட்டிருக்கிறார். ஸ்டேஷன் பைல் வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டது. அந்த ஆள் கேட்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அறிவிப்பு வந்ததும் அவர் சட்டென்று ஹெட்போனைக் கழற்றினார். நீ எழுதியது சரிதான். எனக்குப் பார்ட்னர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. மிஞ்சுவேனா என்று தெரியாது.

இன்றைக்குப் பரிசோதனைக்குப் போனேன். அதே கண்ணாடி அறை, வேறு பெண். நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதலில் இடது காது. சிலது கேட்டது, அழுத்தினேன். பிறகு அந்தப் பெண் உள்ளே வந்து, வலது காதுக்கு மாற்றப்போவதாகச் சைகையில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மெஷினைச் சரிசெய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவளுக்குப் போன் வந்திருக்கும் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. அவள் என் முன்னால் வந்து நின்று, "முடிஞ்சிருச்சு சார்" என்றாள்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே மேடம்" என்றேன்.

அக்கா, நான் வரவில்லை, என்னால் பஸ்ஸில் அவ்வளவு தூரம் தனியாக உட்கார்ந்திருக்க முடியாது. நீ வா.